மஜிக் தெரியாதவன் சேர்த்த மஜிக் கடதாசிகள்

மஜிக் சம்பந்தப்பட்ட பழைய சாமான்கள் சேர்க்கிறேன் என்று சொன்னால், திருகோணமலையில் எவரும் முதலில் சொல்வது "அப்ப ஒண்டு செய்து காட்டுங்கோவன்" என்பதுதான். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ரூபாய்க் குற்றியை உள்ளங்கையில் ஒளிக்கக்கூட வராது. நான் வேலை பார்த்தது அச்சகத்தில். ஈய எழுத்துக் கோர்ப்பதில் தொடங்கி, ஒப்செட் வந்தபின் அதையும் பழகி, எல்லாம் கணினிக்குப் போன பிறகு மெல்ல ஒதுங்கிக்கொண்டவன். எனக்குப் பிடித்தது வித்தை அல்ல, வித்தைக்காரர்கள் அடித்துவிட்ட கடதாசி: நோட்டீஸ், ரிக்கற், சுவரொட்டி, நிகழ்ச்சிநிரல், தங்கள் படம் போட்ட சீட்டு.

வெளிநாட்டில் இது பெரிய வியாபாரம். அமெரிக்க மஜிக்காரர் ஹூடினியின் கைவிலங்கு ஏலத்துக்கு வந்தால் அதன் விலையில் எங்கள் ஊரில் வீடு வாங்கலாம். அதைப் பற்றி எனக்கு ஆசையும் இல்லை, கவலையும் இல்லை. ஹூடினி 1926ஆம் ஆண்டு இறந்தார். அவர் சேர்த்த புத்தகங்கள் அடுத்த வருடமே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்விட்டன. அவர் யாருடைய பெயரை ஒட்டித் தன் பெயரை வைத்துக்கொண்டாரோ, அந்த ரொபேர் ஊடெனுக்கு அவர் பிறந்த பிரெஞ்சு ஊரான புளுவாவில் ஒரு மஜிக் அருங்காட்சியகமே இருக்கிறது. அவர்களைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து, கட்டட நிதிக்கு இரண்டு காட்சி நடத்திவிட்டு, இரவு பஸ்ஸிலே போன மஜிக்காரருக்கு எவர் இருக்கிறார்? அவருடைய நோட்டீஸ் ஒன்று மிஞ்சியிருந்தால் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும். ஹூடினியின் சுவரொட்டியைவிட அரிதான பொருள் அது. விலை மட்டும் இல்லை.

இந்த யோசனை எனக்கு உடனே வந்துவிடவில்லை. லண்டனில் இருக்கும் மச்சான் அனுப்பிய ஒரு சீட்டோடுதான் எல்லாம் தொடங்கியது. ஹவார்ட் தேர்ஸ்டன் என்று ஓர் அமெரிக்க மஜிக்காரர். அவருக்கு முந்திய பெரிய மஜிக்காரர் ஹரி கெலர் 1908ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபோது தன் இடத்தை மேடையில் வைத்து இவரிடம்தான் ஒப்படைத்தார். தேர்ஸ்டன் சீட்டு வீசுவதில் பெயர் எடுத்தவர். தன் முகம் அச்சடித்த சீட்டுகளைச் சபைக்குள், பின்வரிசை வரைக்கும் வீசுவார். பிடித்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொண்டதால்தான் இன்றைக்கும் அவை கிடைக்கின்றன, பெரிய சுவரொட்டிகளோடு பார்த்தால் விலையும் சில்லறைதான். வெளிநாட்டுப் பொருளொன்று வைத்துக்கொள்ள விருப்பமானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: வீசும் சீட்டில் தொடங்குங்கள். அஞ்சல் உறையில் வரும், அலுமாரியில் இடம் பிடிக்காது, போலி அடிப்பவனுக்கும் அதில் பெரிய லாபம் இல்லை.

சுவரொட்டி அப்படி அல்ல. அங்கேதான் ஏமாற்று முழுக்க இருக்கிறது. கெலரின் காதில் சிவப்புக் குட்டிச் சாத்தான்கள் இரகசியம் சொல்லும் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் சின்சினாட்டி நகரத்து ஸ்ட்ரோபிரிட்ஜ் கம்பனி அவற்றைக் கல்லச்சில் அடித்தது. கல்லச்சு என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஓவியர் மெழுகுச் சோக்கால் கல்லிலேயே வரைவார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சோக்குப் பொருக்கு ஒழுங்கில்லாமல் சிதறித் தெரியும், நிறம் மேல் நிறம் தட்டையாகப் படிந்திருக்கும். பிற்காலத்து மறுபதிப்பு ஒப்செட்டில் அடித்தது. அதே இடத்தைப் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசையாக நின்று பூப்போலச் சுழலும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்னக் கண்ணாடி போதும். நகைக்கடைக்காரர் பாவிப்பார்களே, அதுதான். கொழும்புச் செட்டித்தெருவில் நகைக்கடைச் சாமான் விற்கும் இடத்தில் வாங்கலாம்.

கொழும்பில் ஒருவர் காட்டர் என்ற மஜிக்காரரின் சுவரொட்டியை எனக்கு விற்கப் பார்த்தார். சொன்ன கதை அருமையானது. காட்டர் பம்பாயில் இறந்தவர் (அது உண்மை, 1936ஆம் ஆண்டு), இறந்ததும் சாமானெல்லாம் அங்கேயே ஏலம் போனதாம், அதில் ஒரு கட்டு கப்பலில் இலங்கைக்கு வந்ததாம். நான் கண்ணாடியை எடுத்தேன். காட்டரின் தலைப்பாகை முழுக்கப் புள்ளி. மடிப்புக் கோட்டை விரலால் தடவினேன், மடிப்பே இல்லை, மடிப்பின் படம் அச்சாகியிருந்தது! பழைய சுவரொட்டியைப் படம் பிடித்து அடித்தபோது அதன் மடிப்பும் சேர்ந்து விழுந்துவிட்டது. விற்கிறவர் முகம் மாறவே இல்லை, "அது அந்தக் காலத்து டிசைன்" என்றார். மடிப்பு இருக்கவேண்டிய இடத்தில் எப்போதும் கையை வையுங்கள். மூலையில் கம்பனியின் பெயர் இருக்கிறது என்று காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள், படத்தோடு பெயரும்தானே விழும். அளவையும் பாருங்கள். அந்தக் காலத்து முழுத்தாள் சுவரொட்டி ஏறத்தாழ 28 அங்குல அகலம், 42 அங்குல உயரம். மறுபதிப்புகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை.

பொய் சொல்வதே தொழிலாக இருந்த உலகம் இது, அதை மறக்கவும் கூடாது. சுங் லிங் சூ என்று சீன உடையில், சீனப் பெயரில் மேடையேறியவர் உண்மையில் வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர். 1918ஆம் ஆண்டு லண்டனில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தை பிழையாகிப்போய், மேடையிலேயே சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். 1921ஆம் ஆண்டு செல்பிற் என்ற ஆங்கில மஜிக்காரர் பெண்ணை அறுக்கும் வித்தையைக் கொண்டுவந்தபோது, சபை பார்க்கட்டும் என்று போலி இரத்தத்தை வாளியிலே கொண்டுவந்து தியேட்டர் வாசல் வடிகாலில் ஊற்றச் செய்தார். எல்லாவற்றுக்கும் மேலாக இந்தியக் கயிற்று வித்தை. அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் பையன் ஏறி மறைவான் என்று உலகமே நம்பிய அந்தக் கதையைப் பரப்பியது 1890ஆம் ஆண்டு ஒரு சிக்காகோ பத்திரிகை. சந்தா சேர்ப்பதற்காக எழுதிய கற்பனை என்று நாலு மாதத்தில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள், எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1934ஆம் ஆண்டு லண்டன் மஜிக் சங்கம் அதைத் திறந்த வெளியில் செய்துகாட்டுபவருக்கு 500 கினி (பழைய ஆங்கிலப் பணம்) தருவதாக அறிவித்தது. அந்தப் பரிசை எவரும் வாங்கவில்லை. ஆனால் அந்த வித்தையின் சுவரொட்டிகளும் தபால் அட்டைகளும் நிறையவே இருக்கின்றன. நடக்காத ஒன்றுக்கு இவ்வளவு நினைவுப்பொருட்கள் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. எனக்கு அவற்றில் நல்ல விருப்பம்.

எங்கள் பக்கத்து ஆட்களில் கட்டாயம் தேடவேண்டியவர் வங்காள மஜிக்காரர் பி.சி. சர்க்கார். 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் ஓர் இளம்பெண்ணை மரம் அறுக்கும் வட்ட வாளால் அறுத்தார். அவள் எழும்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது, ஒளிபரப்பு நின்றது. பெண் செத்துப்போனாள் என்று நினைத்து ஆட்கள் தொலைபேசியில் முற்றுகையிட்டார்கள். (ஏப்ரல் 9 எங்கள் ஊருக்கும் மறக்காத நாள். 1942ஆம் ஆண்டு ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டது அன்றைக்குத்தான்.) சர்க்காரின் நிகழ்ச்சிநிரல் கொழும்பிலும் சென்னையிலும் பழைய புத்தகக் கடைகளில் அபூர்வமாக அகப்படும். அது கிடைக்காவிட்டால் இந்திய அஞ்சல்துறை 2010ஆம் ஆண்டு அவருக்கு வெளியிட்ட முத்திரை இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட வாங்கலாம்.

சரி, ஊருக்கு வருவோம்.

உள்ளூர்க் கடதாசி கடையில் கிடைக்காது. அது வேறு வேலை பார்த்துக்கொண்டு எங்காவது ஒளிந்திருக்கும். பழைய சாமிப் படம், கல்யாணப் படம் இவற்றின் பின்பக்கத்தைக் கழற்றினால் மட்டைக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு தாள் இருக்கும். பிரேம் போடுகிறவர் கைக்கு வந்த கழிவுத்தாளை வைத்து அடைத்திருப்பார். என்னிடம் உள்ள நல்ல நோட்டீஸ்களில் பாதி அப்படி வந்தவைதான். அடுத்தது பழைய கணக்குக் கொப்பி. நோட்டீஸின் பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் கடைக்காரர்கள் அதை வெட்டித் தைத்துக் கடன் கணக்கு எழுதுவார்கள். ஒரு பக்கத்தில் "தலை வேறு உடல் வேறு!", மறுபக்கத்தில் மண்ணெண்ணெய் இரண்டு போத்தல், சீனி ஒரு இறாத்தல். அதைக் கழுவித் துடைத்துச் சுத்தமாக்க நினைக்கவேண்டாம், கணக்கும் சரித்திரம்தான். மூன்றாவது, மூடிப்போன அச்சகங்கள். அடித்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைக் கம்பியில் குத்தி வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கட்டு கறையானுக்குத் தப்பியிருந்தால் புதையல். போத்தல், கடதாசி வாங்கும் ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவரும் கொண்டுவருவார்.

ஆண்டு போடாத நோட்டீஸுக்கு ஆண்டு கண்டுபிடிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆங்கிலத்தில் சிலோன் என்று இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. விலை சதத்தில் இருக்கிறதா பாருங்கள். அடியில் அச்சகத்தின் தொலைபேசி எண் இருக்கும், அது ஐந்து இலக்கமா, இன்றைய நீள எண்ணா என்று பாருங்கள். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து முண்டியிருக்கும், அப்படியென்றால் ஈய எழுத்து. ணை, லை, னை தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருந்தால் பழையதுதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அதை மாற்ற 1978ஆம் ஆண்டு அரசாணை வந்தது உண்மை. ஆனால் ஓர் அச்சகம் வாங்கிய ஈய எழுத்தைத் தேயும்வரை பாவிக்கும். நான் வேலை செய்த இடத்தில் அந்தத் தும்பிக்கைகள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஓடின. ஆகவே ஒரு அடையாளத்தை மட்டும் நம்பவேண்டாம். ரிக்கற் என்றால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். காசு வாங்கிக் காட்டும் நிகழ்ச்சிக்கு நகரசபைக்குக் கேளிக்கை வரி கட்டவேண்டும், அதற்கு ரிக்கற்றில் சீல் விழும். சீல் இருந்தால் நிகழ்ச்சி உண்மையில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். நோட்டீஸ் அடித்துவிட்டு நடக்காமல் போனவையும் எத்தனையோ உண்டு.

கடதாசியைவிட முக்கியமானது அதோடு வரும் பேச்சு. ஒரு நோட்டீஸில் "உயிருள்ள யானையை மேடையிலேயே மறைத்தல்" என்று கட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஹூடினி செய்தது அது. 1918ஆம் ஆண்டு நியூயோர்க் ஹிப்பொட்ரோமில் ஜெனி என்ற யானையை மறைத்தார். எங்கள் ஊரில் எவர் செய்தார் என்று விசாரித்துப் போனதில், அந்தக் காட்சிக்கு வாசலில் நின்று ரிக்கற் கிழித்த ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தேன்.

"ஐயா, யானை வந்ததோ?"

"யானை வரேல்லை தம்பி. சனம் சத்தம் போட்டது, யானை எங்கை, யானை எங்கை எண்டு. அந்தாள் மேடைக்கு வந்து கும்பிட்டார். 'அதைத்தான் முதலே மறைச்சிட்டனே' எண்டார்."

"பிறகு?"

"பிறகென்ன. கலரியிலை இருந்த சனம்தான் முதலிலை கைதட்டினது."

இந்த ஒரு பேச்சு இல்லாவிட்டால் அந்தத் தாள் ஒரு பழைய தாள். இப்போது எவராவது பேசத் தொடங்கினால் கைபேசியில் பதிவு செய்ய அனுமதி கேட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்து, எவர் தந்தது, எங்கே இருந்தது, என்ன சொன்னார் என்று எழுதி வைப்பேன். பொருளின் மேல் எழுதுவதில்லை, அது போகும் உறையில்தான். அதுவும் மென்மையான பென்சிலால். போல்பொயின்ற் மை இந்த ஊர் ஈரத்தில் ஊறிப் பரவும்.

குடும்பத்தார் மூலப்பிரதியைத் தர யோசித்தால் வற்புறுத்தாதீர்கள். நான் ஸ்கான் செய்து, நல்ல தாளில் ஒரு பிரதி எடுத்து அவர்களுக்கும் கொடுத்துவிட்டு வருவேன். இரண்டு வீட்டில் இருப்பது ஒரு வீட்டில் இருப்பதைவிட நல்லது. இந்த ஊரில் அதை விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்து ஓடும்போது காணி உறுதியும் அடையாள அட்டையும்தான் கையோடு போகும், மஜிக் நோட்டீஸை எவர் தூக்குவார்? மிஞ்சியதில் கொஞ்சத்தை 2004ஆம் ஆண்டு கடலும் கொண்டுபோனது.

பித்தளைச் சாமான்களும் சில வந்து சேர்ந்தன. லோட்டா என்று ஒரு செம்பு. முழுக்கக் கவிழ்த்து வெறுமையாக்கிக் காட்டுவார்கள், அப்புறம் எடுத்தால் மறுபடி தண்ணீர் வரும். இந்தியத் தெரு வித்தைக்காரர்களிடமிருந்து உலக மேடைகளுக்குப் போன சாமான் அது. பழைய பித்தளைக் கடையில் நிறைக்கு விற்கும் செம்புக் குவியலில் ஒன்று இருந்தாலும் இருக்கும். தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மிஞ்சின பாரம் இருக்கும். கழுத்துப் பக்கத்தையும் கவனியுங்கள். இதற்கு மேல் சொல்லமாட்டேன். நான் மஜிக்காரன் இல்லைத்தான், ஆனாலும் அவர்களுடைய சாமானை வைத்திருப்பவன் அவர்களுடைய வாயையும் வைத்திருக்கவேண்டும். கிடைத்தால் பிராசோ போட்டுப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். கைபட்டுக் கறுத்த அந்த நிறம் போனால் அது புதுச் செம்புதான்.

இனிப் பாதுகாப்பு. இதைப் பற்றி வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வையுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கடலில் இருந்து கல்லெறி தூரத்தில் வீடு இருப்பவனுக்கு அந்த வரி உதவாது. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் வாடைக் காற்றும் ஈரமும்தான். சுவரோடு ஒட்டிய அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிலத்திலிருந்தும் உயர்த்தி வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள், ஈரம் இழுத்ததும் நிறம் மாறுகிற வகை நல்லது, சூடாக்கி மறுபடி பாவிக்கலாம். வைகாசி தாண்டிக் கச்சான் காற்று அடிக்கும் காய்ந்த நாட்களில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிழலில் ஆறவிட்டு, ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெயிலில் வைக்கவே கூடாது. சிவப்பு மைதான் முதலில் வெளிறும்.

லமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் சேர்ந்து ஒட்டினால் திரும்ப எடுக்க வழியே இல்லை. செலோரேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பிளாஸ்ரிக் கழன்று விழும், மஞ்சள் கறை தாளில் நிற்கும். ஸ்ரேப்பிள் கம்பியை உடனே கழற்றுங்கள், உப்புக் காற்றில் அது எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று ஊர்க்காரருக்குத் தெரியும். பிளாஸ்ரிக் உறையைத் திறந்தவுடன் மூக்கில் அடிக்கும் மணம் வந்தால் அது பிவிசி, வேண்டாம். பொலியெஸ்ரர் உறை கொழும்பில் ஓவியச் சாமான் விற்கும் கடைகளில் வாங்கலாம். நோட்டீஸ் அடித்த தாள் பெரும்பாலும் பத்திரிகைத் தாள், மலிவான மரக்கூழ். அதற்குள்ளேயே அமிலம் இருக்கிறது. எப்படி வைத்தாலும் மஞ்சளாகத்தான் போகும். ஆகவே கிடைத்த அன்றைக்கே ஸ்கான் செய்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டு டொலர் ஏறியதற்குப் பிறகு தபால் செலவே பொருளின் விலையைத் தாண்டுகிறது. உறவினர் எவராவது விடுமுறைக்கு வரும்போது கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சுருட்டிக் குழாயில் போடச் சொல்லாதீர்கள், சூட்கேஸின் அடியில் இரண்டு மட்டைக்கு நடுவில் தட்டையாக வரட்டும்.

நான் இப்போது தேடுவது கடற்படைத் தளத்துக் கடதாசி. இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்பகுதியில் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை இங்கே நின்றது, 1957ஆம் ஆண்டு தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை எத்தனையோ ஆயிரம் பேர் வந்து போனார்கள். அவ்வளவு சனம் மாலையில் சும்மா இருந்திருக்காது. ஒரு நிகழ்ச்சிநிரலாவது எங்காவது இருக்கவேண்டும் என்று பிரேம் கடைத் தம்பியிடம் சொல்லி வைத்தேன். அவர் இப்போது பழைய பிரேம் கழற்றும்போதெல்லாம் உள்தாளை எறியாமல் வைத்திருந்து, எனக்கு விலையும் சொல்லத் தொடங்கிவிட்டார். அண்மையில் கூப்பிட்டு, பழைய மஜிக் நோட்டீஸ் ஒன்று இருக்கிறது, உடனே வாங்கோ என்றார். போய்ப் பார்த்தால் சாத்திரக்காரர் ஒருவருடைய விளம்பரம். கைரேகை, வசியம், களவுபோன பொருள் கண்டுபிடித்தல்.

"தம்பி, இது சாத்திரம்."

"அதுவும் மஜிக்தானே அண்ணை."

பாதி விலைக்கு வாங்கிவந்தேன்.